ராணுவத்தோடு போகிற நிருபருக்கு யார் காவல்?

மேலூர்ப் பக்கம் ஒரு சேனலுக்குப் பகுதிநேர நிருபராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எல்லைப் பகுதியில் ஒரு ராணுவ யூனிட்டோடு சில நாள் தங்கிச் செய்தி எடுக்க வாய்ப்பு வருகிறதாம், ஆபீஸில் அவர் பெயர் அடிபடுகிறதாம். "சுற்றிலும் துப்பாக்கி வைத்த ஆட்கள் இருக்கும்போது நமக்கு என்ன ஆகிவிடப் போகிறது? எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது? ஒரு ஃபார்ம் கொடுத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?" மதுரையில் உட்கார்ந்துகொண்டு இந்த மாதிரி இடங்களுக்கு ஆள் அனுப்பும் டெஸ்க் வேலையை ரொம்ப வருஷம் பார்த்தவன் நான், போகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வியில்தான் கோளாறு இருக்கிறது, தம்பி. துப்பாக்கி வைத்த ஆட்கள் பக்கத்தில் இருப்பதே உங்களுக்கு ஆபத்து. எதிராளி குறி வைப்பது அவர்களை, நீங்கள் நிற்பது அவர்கள் தோளோடு தோள். அலங்காநல்லூரில் வாடிவாசல் முன்னால் மாடுபிடி வீரர்களுக்கு நடுவில் நின்று படம் எடுப்பவனின் கழுத்தில் பிரஸ் கார்டு தொங்குகிறதா என்று பார்த்துவிட்டா மாடு முட்டுகிறது? 2018 அக்டோபர் 30, சத்தீஸ்கர் தேர்தல் செய்திக்காக தந்தேவாடா காட்டுக்குள் போன தூர்தர்ஷன் குழு போலீஸ்காரர்களோடு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. மாவோயிஸ்டுகள் பதுங்கியிருந்து சுட்டதில் கேமராமேன் அச்சுதானந்த சாஹு இறந்துபோனார். செய்தியாளரைக் குறி வைக்கவில்லை என்று பிறகு அவர்களே சொன்னார்கள். சொல்லி என்ன, ஆள் போனது போனதுதான்.

அடுத்து, அந்தத் துப்பாக்கிகள் உங்களுக்காக வரவில்லை. அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு போகும் ஒரு லக்கேஜ், அவ்வளவுதான். மரியாதையாக நடத்துவார்கள், சாப்பாட்டில் பாதி கொடுப்பார்கள், ஆனால் பின்வாங்கு என்று உத்தரவு வந்தால் நீங்கள் வண்டியில் ஏறிவிட்டீர்களா என்று எண்ணிப் பார்க்க ஒரு ஆள் இருப்பார் என்று நம்பிவிட வேண்டாம். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி, நம் நாட்டுக்காரர், புலிட்சர் பரிசு வாங்கியவர். 2021 ஜூலையில் ஆப்கன் சிறப்புப் படையோடு போயிருந்தார். 13ஆம் தேதி அவர் இருந்த வண்டி மீதே ராக்கெட் குண்டு விழுந்து தப்பித்தார். 16ஆம் தேதி ஸ்பின் போல்தக்கில் கையில் சிதறல் பட்டது, அங்கிருந்த மசூதிக்கு சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள், அதற்குள் படை பின்வாங்கிவிட்டது. அவர் வண்டியில் ஏறிவிட்டார் என்று தவறாக நினைத்துக் கிளம்பிவிட்டார்கள் என்று அந்தப் படையின் தளபதியே பிறகு ராய்ட்டர்ஸிடம் சொன்னார். அனுபவசாலி, பெரிய ஏஜென்சி, நல்ல உபகரணம், எல்லாம் இருந்தும் இது நடந்தது. அதனால் போன முதல் நாளே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: திடீரென்று கிளம்ப நேர்ந்தால் நான் எந்த வண்டி, என் பொறுப்பு யார், அவருக்கு அடிபட்டால் அடுத்தது யார்? பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் முகத்தைப் பழகிக்கொள்ளுங்கள், ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று அவருக்குச் சொல்லிவிட்டுப் படுங்கள். நச்சரிப்பதாக நினைப்பாரோ என்ற கூச்சமெல்லாம் வேண்டாம்.

தோட்டா மட்டும்தான் கொல்லும் என்றும் நினைக்காதீர்கள். 2003 இராக் போரில்தான் இந்த 'எம்பெட்' ஏற்பாடு பெரிய அளவில் வந்தது, 600க்கும் மேற்பட்ட நிருபர்களை அமெரிக்கப் படை தன் யூனிட்டுகளோடு சேர்த்து அனுப்பியது. அதில் பத்திரிகையாளர் மைக்கேல் கெல்லி ஏப்ரல் 3ஆம் தேதி ஹம்வீ வண்டி கால்வாயில் கவிழ்ந்து இறந்தார். என்பிசி நிருபர் டேவிட் புளூம் மூன்று நாள் கழித்து இறந்தார், வண்டிக்குள் காலை மடக்கியபடியே நாள்கணக்கில் உட்கார்ந்து வந்ததில் ரத்தம் கட்டி அது நுரையீரலை அடைத்துவிட்டது. அதற்கும் முன்னால் 1954இல், போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா வியட்நாமில் பிரெஞ்சுப் படையோடு போனபோது படம் எடுக்க ஜீப்பிலிருந்து இறங்கி நடந்தார், கண்ணிவெடியை மிதித்தார். வண்டியின் பெல்ட், மணிக்கொரு தடவை காலை நீட்டி மடக்குவது, முன்னால் போனவரின் தடத்திலேயே கால் வைப்பது, நிறையத் தண்ணீர். இதையெல்லாம் யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, ஆனால் உயிர் இதில்தான் நிற்கிறது. ஒன்றுக்குப் போக வேண்டுமே என்று கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், பெண் நிருபர்கள் இதில் இன்னும் சிரமப்படுவார்கள், கழிப்பறை ஏற்பாடு என்ன என்று பிஆர்ஓவிடம், அதாவது ராணுவத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியிடம், நேராகவே கேட்டுவிடலாம்.

உங்கள் விஷயத்தில், லடாக் பக்கம் என்றால் எனக்குத் தோட்டாவை விட உயரம்தான் பயம். நம்ம மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் சொச்சம். லே 3,500 மீட்டர், அதாவது சுமார் 11,500 அடி. ராணுவமே தன் ஜவான்களை 9,000 அடிக்கு மேல் கொண்டுபோனால் முதல் கட்டமாக 6 நாள் உடம்பைப் பழக்குகிறது, 12,000 தாண்டினால் இன்னொரு 4 நாள், 15,000 தாண்டினால் மறுபடியும் 4 நாள். விமானத்தில் இறங்கிய அன்று சாயங்காலமே கேமராவைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி கேமரா முன்னால் நின்று பேசச் சொல்லும் டெஸ்க்கிடம் முடியாது என்று சொல்லுங்கள். தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கல் என்றால் மறைக்காமல் யூனிட் டாக்டரிடம் போங்கள், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் கீழே இறக்குவதுதான் வைத்தியம், தாமதித்தால் ஆள் தேறுவது கஷ்டம்.

சரி, எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு படைக்கும் ஒரு விதித்தாள் இருக்கும், ஆனால் அடிப்படை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதிராளி அதைப் பார்த்தால் அவனுக்குப் பயன்படுமா? அவ்வளவுதான் அளவுகோல். 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை போட்ட விதிகளை எடுத்துக்கொண்டால், யூனிட் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை பேர், அடுத்து எங்கே போகிறது, முகாமின் காவல் ஏற்பாடு, எந்த நிலையில் சுடலாம் என்ற உத்தரவு, காணாமல் போன விமானத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தகவல், இவையெல்லாம் கூடாது. ராத்திரியில் அனுமதி இல்லாமல் ஃபிளாஷ், டிவி லைட் கூடாது. நிருபர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. கைதிகளின் முகம் தெரியும்படி எடுக்கக் கூடாது. அதே சமயம் எழுதியதை எல்லாம் முன்கூட்டியே வாங்கிப் பார்த்துத் தணிக்கை செய்யும் பொதுவான ஏற்பாடு அதில் இல்லை, இதைக் கவனியுங்கள், பல பேர் எம்பெட் என்றாலே தணிக்கை என்று நினைக்கிறார்கள். விதியை மீறினால் வெளியே, பேச்சே கிடையாது. அந்தப் போரிலேயே ஃபாக்ஸ் நியூஸின் ஜெரால்டோ ரிவேரா லைவ்வில் மணலில் வரைபடம் போட்டு யூனிட் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று காட்டினார், அந்த யூனிட்டோடு அவர் பயணம் அதோடு முடிந்தது. உக்ரைனில் இன்னும் தெளிவு: 2023இல் போர்முனையை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தார்கள். சிவப்பில் நிருபர் நுழைய முடியாது, மஞ்சளில் ராணுவத்தின் ஆள் கூட வர வேண்டும், பச்சையில் அங்கீகார அட்டை போதும் என்று அப்போது விதித்தார்கள்.

இந்த விதிகளில் நான் ரொம்ப மதிப்பது ஒன்று இருக்கிறது. ஒரு வீரர் இறந்தாலோ காயம்பட்டாலோ, குடும்பத்துக்குச் சொல்லி முடிக்கும்வரை, அல்லது 72 மணி நேரம், எது முந்துகிறதோ அதுவரை அடையாளம் வெளியே வரக் கூடாது. உசிலம்பட்டிப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ பட்டாளத்துக்குப் போன வீடு இல்லாத ஊர் குறைவு. மகன் விஷயம் ஆபீஸர் வந்து சொல்வதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரின் வாட்ஸாப்பில் வந்து நிற்பது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. சட்டையில் பெயர்ப்பட்டை, கையில் குத்தியிருக்கும் பச்சை, கழுத்துக் கயிறு, நடை, இதை வைத்தே அம்மாவும் பெண்டாட்டியும் கண்டுபிடித்துவிடுவார்கள். போட்டி சேனல் போட்டுவிட்டான் என்று டெஸ்க் கத்தும், கத்தட்டும்.

இந்தியச் சட்டம் தனி. அமெரிக்கா மாதிரி மாதக்கணக்கில் யூனிட்டோடு விட்டுவைக்கும் வழக்கம் நம் ராணுவத்தில் இல்லை, பெரும்பாலும் பிஆர்ஓ ஏற்பாடு செய்து கூட்டிப்போகும் பயணம்தான். பாதுகாப்பு அமைச்சகம் நிருபர்களுக்காக ஒரு பயிற்சி வகுப்பும் நடத்துகிறது, கடற்படை, விமானப்படை, எல்லைப் பகுதி என்று கூட்டிப்போய்க் காட்டுவார்கள், கிடைத்தால் விடாதீர்கள். 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது, தடைசெய்யப்பட்ட இடத்தைப் படம் எடுப்பதே அதன்படி வம்பு. பயங்கரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும்போது லைவ் கூடாது, அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும்தான் போடலாம் என்று 2015இல் கேபிள் டிவி விதிகளில் சேர்த்தார்கள். அதற்குக் காரணம் 2008 மும்பைத் தாக்குதல். உள்ளே இருந்த பயங்கரவாதிகளை போனில் இயக்கியவர்கள் நம் சேனல்களைப் பார்த்துக்கொண்டே இயக்கினார்கள், கசாப் வழக்கின் தீர்ப்பில் 2012இல் உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகவே சாடியது. 2025 ஏப்ரல் 26ஆம் தேதியும், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, படை நகர்வை லைவ் போடாதீர்கள் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுரை அனுப்பியது. அப்புறம், சாட்டிலைட் போன் எதையும் அனுமதி இல்லாமல் கையில் வைத்திருக்காதீர்கள், இந்தியாவில் அதற்கே கைது செய்வார்கள். டிரோனும் அப்படித்தான்.

ராணுவ உடை விஷயம் சின்னதாகத் தெரியும். டவுன் ஹால் ரோட்டில் பச்சைப் புள்ளி போட்ட கார்கோ பேண்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள். பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு 2016இல் ராணுவமே, பொதுமக்கள் அந்த மாதிரி உடை போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நீங்கள் இன்னொரு ஜவான். சாம்பல், காக்கி கலக்காத பழுப்பு, இப்படி ஒன்று போதும்.

ஜெனிவா ஒப்பந்தம் காப்பாற்றுமே என்பார்கள். படையின் அனுமதியோடு கூட வரும் போர் நிருபர் பிடிபட்டால் போர்க்கைதியாக நடத்த வேண்டும் என்று மூன்றாவது ஒப்பந்தம் சொல்கிறது, அதற்குப் படை கொடுத்த அடையாள அட்டை வேண்டும். செய்தியாளர் சிவிலியன்தான் என்று 1977 கூடுதல் நெறிமுறையின் 79ஆவது பிரிவும் சொல்கிறது, இந்தியா அதில் சேரவில்லை, ஆனால் சிவிலியனைக் குறி வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது. இதில் இரண்டு ஓட்டை. போர்க்கைதி அந்தஸ்து நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போருக்கு, காட்டுக்குள் இருக்கும் ஆயுதக் குழுவுக்கு அது பொருந்தாது. நீங்கள் சிவிலியன் என்றாலும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் வண்டி சிவிலியன் கிடையாது, அதை அடிப்பது சட்டப்படி சரி. ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடு, அந்த மேட்டில் யாராவது தெரிகிறார்களா பார் என்று அவசரத்தில் சொல்வார்கள். காயம்பட்டவரைத் தூக்கலாம், தோட்டாப் பெட்டியைத் தூக்கக் கூடாது.

யூனிட்டுக்குள் போனதும் கட்டாயம் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். "அண்ணே, மதுரையா?" என்று ஒரு குரல் வரும். தேனிக்காரரோ ராமநாதபுரத்துக்காரரோ, வீட்டை விட்டு மாசக்கணக்காகிவிட்டது, தமிழில் பேச ஆள் கிடைத்ததும் மனசில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடுவார். லீவு தரவில்லை, சாப்பாடு சரியில்லை, ஷூ கிழிந்துபோச்சு. கேமரா ஓடுகிறதா என்று அவர் பார்க்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். ராணுவ விதிகள் 1954இல் 21ஆவது விதி, பணியில் இருப்பவர் அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேசக் கூடாது என்கிறது. சாப்பாடு சரியில்லை என்று 2017இல் வீடியோ போட்ட எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவருக்கு வேலையே போனது. அவர் சொன்னது நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. உங்களிடம் பேசியவருக்கு அது நடந்தால் நீங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள், அவர் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பார். அதனால் முதலிலேயே, தம்பி நான் நிருபர், நீ சொல்வதை எழுதினால் உனக்குப் பிரச்சினை வரும், யோசித்துப் பேசு என்று சொல்லிவிடுங்கள். ஷூ கிழிந்தது உண்மை என்றால் அதை அவர் பெயர் இல்லாமல் விசாரித்து எழுத வேறு வழி உண்டு, மெனக்கெட வேண்டும்.

போன் விஷயத்தில் இப்போது கெடுபிடி அதிகம், சரியும்கூட. ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சி ஆப் 2017இல் வெளியிட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதையே ஒளிக்கோடாகத் தெரிந்தது, 2018இல் அது செய்தியானது. 2023 புத்தாண்டில் கிழக்கு உக்ரைனின் மாக்கீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கிய கட்டடம் தகர்ந்தபோது, தடையை மீறி போன் பயன்படுத்தியதுதான் காரணம் என்று ரஷ்யாவே சொன்னது. போட்டோவுக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள், வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்பாதீர்கள், அம்மா அழுதாலும் சரி. பின்னணியில் மலை முகடு, பாலம், கோயில் தெரிந்தால் போதும், வீட்டில் உட்கார்ந்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிரஸ் என்று எழுதிய நீல உடுப்பும் முன்னைப் போலக் காப்பதில்லை. 2025 அக்டோபரில் டான்பாஸில் உக்ரைன் படையோடு இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அன்தோனி லாலிகான் அந்த உடுப்போடுதான் டிரோன் தாக்கி இறந்தார்.

உபகரணத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். துணி மட்டும் உள்ள புல்லட் புரூஃப் உடுப்பு, கைத்துப்பாக்கித் தோட்டாவையும் சிதறலையும் தாங்கும், ரைஃபிள் தோட்டாவுக்கு உள்ளே தகடு வேண்டும், தகடு வைத்தால் 10 கிலோ சுமை. ஹெல்மெட் பெரும்பாலும் சிதறலுக்குத்தான். யூனிட் கொடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், அமெரிக்க விதியிலேயே 2003இல் ஹெல்மெட்டும் உடுப்பும் நிருபர் கொண்டுவர வேண்டியது என்றுதான் இருந்தது. போவதற்கு முன்னால் ஒரு 10 கிலோ அரிசி மூட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள், ஏறும்போதே பேசிக்கொண்டு போக முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் யூனிட்டுக்கு பாரம்.

அதை விட முக்கியம் டூர்னிகெட், ரத்தம் போவதை நிறுத்த கை காலை இறுக்கிக் கட்டும் பட்டை. 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராட்டாவில் போர்ப் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் தொடை இடுக்கில் சிதறல் பட்டு ரத்தம் போயே இறந்தார். கூட இருந்தவர்களுக்கு ரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருந்தால் பிழைத்திருக்கலாமோ என்ற ஆதங்கத்தில் அவருடைய நண்பர் செபாஸ்டியன் யங்கர் சுயாதீன நிருபர்களுக்கு முதலுதவிப் பயிற்சியே தொடங்கினார். பயிற்சியில் நான் பார்ப்பது இதைத்தான்: பட்டையைக் கை கால் மீது சுற்றி இறுக்கி, குச்சியைத் திருகும்போது வலிக்கிறது என்று எதிரில் இருப்பவர் முகம் சுளித்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது, ரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும், கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். தொடை இடுக்கு மாதிரி பட்டை சுற்ற முடியாத இடத்தில் துணியைக் காயத்துக்குள் திணித்து முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டும். இருட்டில், ஒரே கையால், உங்கள் கையிலேயே கட்டப் பழகுங்கள். பைக்குள் அடியில் போடாதீர்கள், எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் மாட்டுங்கள், எங்கே இருக்கிறது என்று பக்கத்து ஆளுக்கும் காட்டிவிடுங்கள். மலிவாக ஆன்லைனில் வரும் போலிகளில் திருகும் குச்சி உடைந்துவிடும், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

ஃபார்ம். என்ன நடந்தாலும் படை பொறுப்பில்லை என்று அதில் இருக்கும், அது வழக்கம்தான், அந்த வரியை எடுக்கச் சொன்னால் உங்களையே எடுத்துவிடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு வரிகள்: எடுத்த எல்லாவற்றையும் ஒளிபரப்புக்கு முன் காட்ட வேண்டுமா, ரகசியம் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமா அல்லது பிடிக்காததை வெட்டவுமா, கேமராவின் மெமரி கார்டை வாங்கி அழிக்கும் உரிமை கேட்கிறார்களா, கருத்து வேறுபாடு வந்தால் யாரிடம் முறையிடுவது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தெரிந்த வக்கீல் யாராவது இருப்பார், ஒரு தடவை படிக்கக் கொடுங்கள். பொறுப்பில்லை என்று படை சொல்லிவிட்டதால், அந்தப் பொறுப்பு யாருடையது என்று உங்கள் ஆபீஸிடம் எழுத்தில் வாங்க வேண்டும். சாதாரண ஆயுள் காப்பீட்டிலும் விபத்துக் காப்பீட்டிலும் போர் விலக்கு என்று ஒரு வரி இருக்கலாம், பாலிசியை எடுத்துப் படியுங்கள். அடிபட்டால் டெல்லிக்கோ மதுரைக்கோ யார் செலவில் கொண்டுவருவார்கள்? பகுதிநேர நிருபருக்கு செய்திக்கு இவ்வளவு என்று கொடுக்கும் சேனல்கள் இந்தக் கேள்வியைக் கேட்டாலே முகத்தைத் திருப்புகின்றன, சொல்லப்போனால் எல்லையில் இருக்கும் எதிராளியை விட எனக்கு இவர்கள் மேல்தான் கோபம். எல்லையற்ற செய்தியாளர்கள் அமைப்பு சுயாதீன நிருபர்களுக்கு ஹெல்மெட், உடுப்பு இரவல் கொடுக்கிறது, காப்பீட்டுக்கும் வழி செய்கிறது. லண்டனில் இருக்கும் ரோரி பெக் அறக்கட்டளை பயிற்சிக்கு உதவுகிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 1985இலிருந்து ஆபத்தில் மாட்டிய செய்தியாளர்களுக்காக ஒரு அவசரத் தொலைபேசி வைத்திருக்கிறது, அந்த எண்ணை உங்கள் வீட்டிலும் டெஸ்க்கிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. படையோடு போனால் படையின் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்ப்பீர்கள். 2009இல் வன்னியில் இலங்கை ராணுவம் கூட்டிப்போன நிருபர்கள் கைப்பற்றிய இடத்தைப் பார்த்தார்கள், தனியாக யாரையும் உள்ளே விடவில்லை, அந்தப் பக்கம் கடற்கரையில் மாட்டியிருந்த சனத்தை அவர்கள் கேமரா பார்க்கவில்லை. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011இல். அதனால் உங்கள் செய்தியிலேயே, ராணுவம் கூட்டிப்போன இடத்திலிருந்து, இன்ன நிபந்தனையோடு எடுத்தது என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். எல்லைக் கிராமத்துச் சனத்திடம் பேச ஒரு நாள் தனியாகக் கிடைக்குமா என்று பிஆர்ஓவிடம் கிளம்பும் முன்னரே கேளுங்கள், அங்கே போய்க் கேட்டால் நடக்காது.

கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று கேட்டீர்கள். காப்பீடும் பொறுப்பும் எழுத்தில் வந்தால் போங்கள், வரவில்லை என்றால் இந்தத் தடவை வேண்டாம். ஃபார்மில் இருக்கும் பெயர்களை அழித்துவிட்டு எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், எந்த வரி இடிக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். டூர்னிகெட் கட்டப் பழக ஆள் வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வாருங்கள், கேமராமேனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உங்களுக்குக் கட்டப் போவது அவர்தானே.